நிறவேற்றுமையும் ஒளிவேற்றுமையும்

வெள்ளைத் தாளில் அச்சிட்ட கரிய எழுத்தை நாம் எதனாற் படிக்கின்றோம் என்று வினவினால், கறுப்பும் வெள்ளையும் வெவ்வேறு நிறங்களாதலாற் படிக்கின்றோம் என்று விடையளிப்போர் பலர். அவ்விடை முற்றும் பொருந்துமாயின், பச்சைப் பலகையில் தீட்டிய சிவந்த எழுத்தும், வெண்டாளில் எழுதிய மஞ்சள் எழுத்தும் அவ்வளவே எளிதாகப் படிக்கத்தக்கனவாதல் வேண்டும். பச்சைக்கும் சிவப்புக்கும் உள்ள பேதத்தைச் சிறு குழந்தையும் அறியும். ஆயினும் அத்தகைய பலகையைச் சற்றுத் தூரத்தே நின்று படிக்க முயல்வோர்க்கு எழுத்தின் ஓரங்கள் நடுங்குவனபோற் காண்பதும், சிலர்க்கு எழுத்தே தோன்றாமற் போவதும் யாவரும் அனுபவத்திற் கண்டனவே. எழுத்தை எழுத்தாகக் காட்டுவது பெரும்பாலும் ஒளியின் வேற்றுமை. அவ்வேற்றுமையை எண்ணால் அளக்கலாம் என்பதையும், அளக்கும் முறை நம் கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவரும் கையாளத்தக்கதென்பதையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

அளவு எதற்கு, கண்ணாற் பார்த்தே தீர்மானிக்கலாகாதோ எனின், ஆகாது என்பதற்குப் பழைய சாட்சியொன்று உண்டு. பாரிஸ் நகரத்துக் கோபெலின் திரைச்சீலைத் தொழிற்சாலையிற் சாயப் பகுதியின் தலைவராக 1824-ஆம் ஆண்டில் அமர்ந்த செவ்ரோல் என்னும் இரசாயன அறிஞரிடம், அங்குத் தோய்க்கப்படும் கறுப்பு நூலிற் போதிய கருமை இல்லையென்று முறையிட்டனர். அவர் அந்நூலைப் பிறவிடங்களில் தோய்த்த கறுப்பு நூலோடு ஒப்பிட்டு, சாயத்திற் குற்றமில்லையெனக் கண்டார். குற்றம், கறுப்பை அடுத்து நெய்திருந்த நீலத்திலும் ஊதாவிலும் இருந்தது. அவற்றின் அண்மையாற் கறுப்பு வெளிறித் தோன்றிற்று. இவ்வாராய்ச்சியின் பயனை அவர் 1839-இல் பெருநூலாக வெளியிட்டார். அயலிலிருப்பவரைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றிக்கொள்ளும் நீதிபதியை யாரும் அளவுகோலாகக் கொள்ளார்.

ஆதலின் ஒளியையே அளத்தல் வேண்டும். ஆனால் எல்லா ஒளியும் கண்ணுக்கு ஒரே நிறையுடையதன்று. ஆற்றல் ஒன்றாயிருப்பினும், 555 நானோமீட்டர் அலைநீளமுடைய, மஞ்சள் கலந்த பச்சையொளியே பகற்காலத்தில் மிகப் பிரகாசமாகத் தோன்றும். அதனை 1 எனக் கொண்டால், 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளி 0.107 அளவும், 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலவொளி 0.038 அளவுமே பெறும். இவ்வெண்களடங்கிய அட்டவணையொன்றை ஒளியியலுக்கான சர்வதேசக் கமிஷன் 1924-இல் ஏற்றுக்கொண்டது. ஒரு பரப்பினின்று கண்ணை நோக்கி வரும் ஒளியை, அலைநீளந்தோறும் இவ்வட்டவணையின் எண்ணாற் பெருக்கிக் கூட்டினால் வருவதே அப்பரப்பின் ஒளிர்வு எனப்படும்.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பச்சையும் சிவப்பும் தன்மையில் வேறானவை. அவற்றுள் எது மிக்க ஒளியுடையது என்று எங்ஙனம் ஒப்பிடுவது? இதற்கு ஆராய்ச்சியாளர் கண்ட உபாயங்களுள் ஒன்று மிக்க நயமுடையது. ஒரே இடத்தில் இரு நிற ஒளிகளையும் மாறி மாறிக் காட்டுதல் அது. மெல்ல மாற்றினால் பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று தனித்தனியே தோன்றும். வேகத்தை மிகுத்தால் ஒரு நிலையில் நிறங்களிரண்டும் கலந்து மஞ்சளாகும். ஆனால் மினுக்கம் மட்டும் நீங்காது நிற்கும். அந்நிலையில் ஓர் ஒளியைச் சிறிது சிறிதாகக் கூட்டியோ குறைத்தோ வந்தால், ஓரிடத்தில் மினுக்கமும் அடங்கிவிடும். அங்கே இரண்டின் ஒளிர்வும் சமம். நிறம் மாறுவதைக் கண் மந்தமாகவும், ஒளி மாறுவதை விரைவாகவும் தொடர்கின்றது என்னும் உண்மையின்மேல் எழுந்தது இம்முறை. பம்பரத்தின் தலையிற் பாதிக்கு ஒரு வர்ணமும் பாதிக்கு வேறொரு வர்ணமும் பூசிச் சுழலவிட்டு, அதன் வேகம் தணியுந் தறுவாயில் உற்று நோக்கின் இதன் சாயலை வீட்டு முற்றத்திலேயே காணலாம்.

காலத்திற் போலவே இடத்திலும் கண் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே நடத்துகின்றது. நுண்ணிய கோடுகளையும் மூலைகளையும் ஒளிர்வைக் கொண்டு பகுத்தறிகின்றது. நிறத்தையோ அகன்ற தூரிகையாற் பூசியதுபோலப் பருமையாகவே உணர்கின்றது. 1953-இல் அமெரிக்காவில் வகுத்த வர்ணத் தொலைக்காட்சி முறை இதனை நன்கு பயன்கொண்டது. அதில் ஒளிர்வுச் செய்திக்கு 4 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசை அகலம் ஒதுக்கினர். நிறச் செய்திகள் இரண்டிற்கும் முறையே ஏறத்தாழ 1.3, 0.5 மெகாஹெர்ட்ஸே விட்டனர். நிறம் மங்கலாக வரையப்படினும் ஒளிர்வு கூர்மையாயிருப்பின் படம் கூர்மையாகவே தோன்றும். எழுத்தென்பது முழுவதும் நுண்கோடுகளால் ஆயது. ஆகவே ஒளிர்வு வேற்றுமை அற்றவிடத்து எழுத்தும் தன் உருவை இழக்கின்றது.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். கணினித் திரையிலும் கைத்தொலைபேசித் திரையிலும் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலப்பேயாம். வெண்மையின் ஒளிர்வை 1 என வைத்துக்கொண்டால், அதிற் சிவப்பின் பங்கு 0.2126; பச்சையின் பங்கு 0.7152, நீலத்தின் பங்கு 0.0722. மூன்றும் கூடி 1 ஆதல் காண்க. பச்சைக்குத் தலைமையும் நீலத்துக்கு இவ்வளவு சிறுமையும் ஏன் என்று கேட்பார்க்கு மேற்கூறிய 1924-ஆம் ஆண்டு அட்டவணையே விடை. நீலவொளியை ஏற்கும் கூம்பணுக்கள் நம் விழித்திரையில் மிகச் சிலவே. பார்வையின் நடுமையத்தில் அவை அறவே இல்லை.

திரையின் நிறங்களை 0 முதல் 255 வரையுள்ள எண்களாற் குறிப்பர். இவ்வெண்களை நேரே ஒளியளவு என்று கொள்ளுதல் பெரும் பிழை. 128 என்பது 255-இல் ஏறத்தாழப் பாதியாயினும், மூன்று எண்களும் 128 ஆகவுள்ள சாம்பல் நிறம் வெண்மையின் ஒளியிற் பாதியைத் தருவதில்லை, 0.216 பங்கே தருகின்றது. 1999-இல் சர்வதேச நியமமாக வெளிவந்த எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் முறைப்படி, எண்ணை 255-ஆல் வகுத்து, வந்த பின்னத்தோடு 0.055 கூட்டி, 1.055-ஆல் வகுத்து, அதனை 2.4 என்னும் படிக்கு உயர்த்தினால் ஒளியளவு கிடைக்கும். மிகச் சிறிய பின்னமாயின், அதாவது 0.04045-க்கு மேற்படாததாயின், 12.92-ஆல் வகுத்தலே போதும்.

இரண்டு ஒளிர்வுகள் கிடைத்துவிட்டன. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று கழிப்பதா, ஒன்றை ஒன்றால் வகுப்பதா? இங்கேதான் பொருளின் உயிர்நிலை இருக்கின்றது. நண்பகல் வெயிலில் புத்தகத்தை விரித்துப் பாருங்கள். வெயிலின் ஒளி 1,00,000 லக்ஸ் அளவு. இரவில் அறைவிளக்கின் ஒளி 300 லக்ஸ் என்று கொள்வோம். தாள் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 80 பங்கும், மை 5 பங்கும் திருப்பி அனுப்புவதாயின், வெயிலிற் கிடக்கும் கரிய மை, இரவு விளக்கிற் கிடக்கும் வெள்ளைத் தாளைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகின்றது! ஆயினும் வெயிலில் மை கறுப்பாகவும், விளக்கில் தாள் வெள்ளையாகவுமே தோன்றுகின்றன. இரண்டிடத்தும் மாறாது நிற்பது 80-க்கு 5 என்னும் விகிதம், அதாவது 16. ஒளிகளின் கழித்தல் வேற்றுமையோ இரண்டிடத்தும் முந்நூறு மடங்குக்கு மேல் வேறுபடுகின்றது. கண் கணக்கிடுவது விகிதத்தை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

இதனை முதலில் அளந்து கண்டவருள் ஒருவர் பிரெஞ்சு அறிஞரான பூகே. அவர் மறைந்தபின் 1760-இல் வெளிவந்த நூலில் ஒரு சோதனை கூறப்பட்டுள்ளது. ஒரு திரையின்மேல் மெழுகுவர்த்தியொன்றின் ஒளியை வீழ்த்தி, இரண்டாம் வர்த்தியின் முன் ஒரு கோலை நட்டு, அதன் நிழலும் அத்திரையில் விழச் செய்தார். இரண்டாம் வர்த்தியைப் பின்னே நகர்த்திக்கொண்டே போக, அது முதல் வர்த்தியைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு தூரத்தை அடைந்தபோது நிழல் மறைந்தது. தூரம் எட்டு மடங்காயின் ஒளி 64-இல் ஒரு பங்கு. ஆகவே முன்னுள்ள ஒளியில் 64-இல் ஒரு பங்குக்குக் குறைந்த மாற்றத்தை அவர் கண் அறியவில்லை. பின்வந்த வேபர் என்னும் ஜெர்மானியர் கையால் தூக்கும் நிறைகளிலும் இத்தகைய விகித நியதியையே கண்டார்.

ஆயின் வெறும் வகுத்தலும் போதாது. முழுக்கறுப்பின் ஒளிர்வு சுழியமாயின் விகிதம் முடிவிலியாகிவிடும். அவ்வாறு எந்தக் கண்ணும் கண்டதில்லை. திரை எவ்வளவு கறுத்திருப்பினும் அறையிலுள்ள ஒளி சிறிது அதன்மேற் பட்டுத் திரும்புகின்றது. அவ்வாறு அயலினின்று வந்து கலக்கும் ஒளிக்காக 0.05 என்னும் எண்ணை இரண்டு ஒளிர்வுகளோடும் கூட்டுவர். எனவே சூத்திரம் இதுவாம்: (பெரிய ஒளிர்வு + 0.05) ÷ (சிறிய ஒளிர்வு + 0.05). கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தவிடத்து 1.05-ஐ 0.05-ஆல் வகுக்க 21 வரும், இதுவே மேலெல்லை. ஒரே நிறத்தை அதனோடு ஒப்பிட்டால் 1, இதுவே கீழெல்லை. இணையப் பக்கங்களை யாவரும் படிக்கத்தக்கனவாகச் செய்தற்பொருட்டு வோர்ல்ட் வைட் வெப் கன்சார்ட்டியம் என்னும் சங்கம் 2008-இல் வெளியிட்ட விதிகளில் இச்சூத்திரம் இடம்பெற்றது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கிச்சிலிப்பழத்தின் நிறத்தையொத்த 255, 153, 51 என்னும் நிறத்தை எடுத்துக்கொள்க. மேற்கூறிய முறைப்படி சிவப்பு 1, பச்சை 0.3185, நீலம் 0.0331 ஆகும். பங்குகளாற் பெருக்கிக் கூட்ட, ஒளிர்வு 0.443. இதன்மேல் வெள்ளையெழுத்து எழுதின் 1.05-ஐ 0.493-ஆல் வகுக்க விகிதம் 2.13, கறுப்பெழுத்து எழுதின் 9.86. திருவிழா அழைப்பிதழ் அச்சிடுவோர் இந்நிறத்தின்மேல் வெள்ளையெழுத்தையே விரும்புவது எதனாலோ அறியோம்.

தூய நிறங்களின் கணக்கு இன்னும் வியப்புடையது. வெண்மைமேல் மஞ்சள் 1.07 மாத்திரமே. அதே மஞ்சள் கறுப்பின்மேல் 19.56. வெண்மைமேல் நீலம் 8.59 என்று மேலோங்க, கறுப்பின்மேல் அந்நீலம் 2.44 என்று தாழ்கின்றது. தொடக்கத்திற் கூறிய சிவப்பையும் பச்சையையும் நோக்குவோம். முழுச்சிவப்பின் ஒளிர்வு 0.2126. பச்சையின் எண்ணை 255-இலிருந்து 148-க்குக் குறைத்தால் அதன் ஒளிர்வு 0.2118. விகிதம் 1.00! இவ்விரண்டையும் கொண்டு எழுதிய அறிவிப்பை நிறமறியும் கண்ணுடையவர் அல்லற்பட்டேனும் படிப்பர். சிவப்பு பச்சைகளைப் பிரித்தறியாத கண்ணுடையவர்க்கோ அங்கே எழுத்து உண்டென்பதே தெரிவது அரிது. ஐரோப்பியக் குடிவழி ஆடவருள் நூற்றுக்கு 8 பேர் வரை இத்தகைய குறையுடையவர். அணுக்கொள்கையை வகுத்த ஜான் டால்டன் அவர்களுள் ஒருவர். தம் கண்ணின் இவ்வியல்பைப்பற்றி அவர் 1794-இல் மான்செஸ்டர் நகரத்துச் சங்கமொன்றிற் கட்டுரை படித்தார்.

எவ்வளவு விகிதம் இருந்தாற் போதும்? நல்ல பார்வையுடையவர்க்கு 3 போதுமென்பது பழைய நியமங்களின் முடிவு. நல்ல கண் 40 அடியிற் படிப்பதை 20 அடியிலேயே படிக்கவல்ல மங்கிய கண்ணுக்கு அதனினும் ஒன்றரை மடங்கு வேண்டுமென்று கணக்கிட்டு, 4.5 என்பதைச் சாதாரண எழுத்துக்கு அளவாக்கினர். எண்பது வயதை எட்டிய முதியோரின் பார்வை பெரும்பாலும் அவ்வாறிருக்கும் என்பர். பெரிய எழுத்துக்கு 3 போதும். மேலும் மங்கிய கண்ணுடையோரையும் கருதினால் 7 வேண்டும்.

முதியோர் கண்ணைப்பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் தகும். வயது ஏற ஏறக் கண்ணின் மணி சுருங்குகின்றது. வில்லை மஞ்சளித்துப் புகைபடிந்ததுபோலாகின்றது. புரை படர்ந்த வில்லையில் நுழையும் ஒளி சிதறி, வெண்ணிறத் தாளின் ஒளி கரிய எழுத்து விழவேண்டிய இடத்திலும் பரவுகின்றது. இது சூத்திரத்தில் நாம் கூட்டிய 0.05-ஐ ஒத்த செயலே. எண் மட்டும் பெரிது. வெண்மையொளியிற் காற்பங்கு, அதாவது 0.25, இவ்வாறு சிதறிக் கலப்பதாகக் கொள்வோம். கறுப்பெழுத்தின் விகிதம் 21-இலிருந்து 4.3 ஆகக் குறையும், எனினும் படிக்கலாம். வெண்டாளில் அச்சிட்ட சாம்பல் எழுத்தின் ஒளிர்வு 0.18 ஆயின், அதன் விகிதம் 4.57-இலிருந்து 2.7 ஆகிவிடும். இளைஞனொருவன் தன் கண்ணுக்கு அழகாயிருக்கிறதென்று தெரிந்தெடுத்த சாம்பல் நிறம், அவன் பாட்டியாருக்கு வெற்றுத் தாளாய்விடுவது இங்ஙனமே. வெயிலிற் கைத்தொலைபேசியைப் பார்ப்போர் எல்லாரும் சிறிது நேரம் அப்பாட்டியாரின் நிலையை அடைகின்றனர். திரையின் வெண்மைக்குச் சமமான வெயிலொளி அதன்மேற் பட்டுத் திரும்பினால், 1 + 1-ஐ 0 + 1-ஆல் வகுக்க, கறுப்புக்கும் வெள்ளைக்குமே விகிதம் 2 அன்றோ?

சூத்திரத்தைத் தெய்வவாக்காகக் கொள்ளல் வேண்டா. எழுத்து எது, தளம் எது என்று அது கேட்பதில்லை. கருந்தளத்து வெள்ளெழுத்தும் வெண்டளத்துக் கருவெழுத்தும் அதற்கு ஒன்றே. இருண்ட நிறங்கள் இரண்டைச் சேர்க்குமிடத்து அது கூறும் அளவுக்குத் தெளிவு கண்ணிற்குக் கிட்டுவதில்லையென்று குறை கூறுவோர் உளர். சிவப்புணர்ச்சி குன்றிய கண்ணுக்குச் செந்நிறம் இருண்டே தோன்றுமாதலின், கறுப்பின்மேற் சிவப்புக்குச் சூத்திரம் தரும் 5.25 அவர்க்குப் பொருந்தாது. கோட்டின் தடிப்பையும் அது அறியாது. தமிழெழுத்துக்கு இது சிறிய குறையன்று. 'பல்' என்பதன் தலையிலுள்ள புள்ளி மங்கிவிட்டால் அது 'பல' என்றாகும். அப்புள்ளியோ எழுத்தின் உறுப்புக்களிலெல்லாம் மிகச் சிறியது. ஆகவே ஆங்கில எழுத்துக்குப் போதுமென்ற 4.5-ஐத் தமிழ் அச்சில் நாம் கடைசி எல்லையாக மாத்திரம் கொள்ளுதல் நன்று என்பது எம் கருத்து. ஓலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்து கீறிய வண்ணம் விடப்பட்டால் ஓலையின் நிறத்தோடு ஒன்றியே கிடக்கும். அதனாலன்றோ நம் முன்னோர் அதன்மேற் கரியும் பச்சிலைச் சாறும் தடவிக் கீறல்களிற் கருமையேற்றினர்.

கணக்கில் ஈடுபாடுள்ள மாணவர்க்கு ஒரு சிறு விருந்து. கறுப்பெழுத்துக்கும் வெள்ளையெழுத்துக்கும் ஒரே விகிதந்தரும் தளம் எது? தளத்தின் ஒளிர்வோடு 0.05 கூட்டியது, 1.05 × 0.05 என்னும் பெருக்கத்தின் வர்க்கமூலமாதல் வேண்டும். அது 0.229, ஆகவே ஒளிர்வு 0.179. விகிதம் இருபக்கமும் 4.58. எத்தளத்தை எடுப்பினும் கறுப்பு, வெள்ளை இரண்டில் ஒன்று 4.5-க்கு மேற்பட்டே தீரும் என்பது இதனாற் பெறப்படும். படிக்கவொண்ணாத எழுத்தை அச்சிட்டுவிட்டு, தளத்தின்மேற் பழி போடுவார்க்கு இக்கணக்கைக் காட்டலாம். வெண்டளத்தில் 4.5-ஐக் கடக்கவல்ல மிக வெளிறிய சாம்பல் நிறத்தின் எண் 118. ஒன்று கூட்டி 119 ஆக்கினால் விகிதம் 4.48 ஆகித் தோற்கும்.

சூத்திரத்துக்கே இடமில்லாத எழுத்தும் ஒன்று நாள்தோறும் நம் வீடுகளில் உண்டு. மாத்திரைப் பட்டைகள் சிலவற்றில், உபயோகிக்கத்தக்க கடைசித் தேதியை மையின்றி ஈயநிறத் தகட்டில் அழுத்தியே பதிக்கின்றனர். அங்கே எழுத்தும் தளமும் ஒரே தகடு, விகிதம் 1. தகட்டைத் தட்டையாகப் பிடித்து விளக்கின்கீழ் எவ்வளவு நேரம் நோக்கினும் பயனில்லை. விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, ஒளி தகட்டைத் தடவிச் செல்லும்படி சாய்த்துப் பிடித்தால், பள்ளங்களின் ஒருபுறம் நிழலும் மறுபுறம் பளபளப்பும் தோன்றி, ஆண்டும் மாதமும் எழுந்து வரும்.